பால்கொட்டகை பிராசசர்

கிளெனிஸ் ட்ரெகியரை வாயாடி என்று சொல்லலாம், முன்கோபக்காரி என்று சொல்லலாம். பொய்க்காரி என்று மட்டும் சொல்லக்கூடாது. லியோன்கத்தா ஊரில் பால் லாரி ஓட்டுகிறவரிலிருந்து பாதிரியார் வரை எல்லோருக்கும் இது தெரியும். ஒரு வருடம் விவசாயக் கண்காட்சியில் அவள் வைத்த ஸ்பாஞ்ச் கேக்கைப் பார்த்து, "இது கடையில வாங்குன பாக்கெட் மாவு" என்று நடுவர் அம்மாள் முணுமுணுத்தார். அடுத்த வருடம் கிளெனிஸ் முட்டை, சர்க்கரை, அடுப்பு சகிதமாகப் பந்தலிலேயே வந்து இறங்கினாள். நடுவருக்கு நாற்காலி போட்டு உட்கார வைத்து, அவர் கண் முன்னால் முட்டையை அடித்து, கேக்கைச் சுட்டெடுத்தாள். கிடைத்தது இரண்டாம் பரிசுதான். அதைப் பற்றி அவளுக்குக் கவலையே இல்லை. பாக்கெட் மாவு என்ற பேச்சை நடுவர் தன் வாயாலேயே திரும்ப எடுத்துக்கொண்ட பிறகுதான் அடுப்பை மூட்டை கட்டினாள்.

அப்பேர்ப்பட்டவளைத்தான் சோரான் பெட்கோவ்ஸ்கி, ஆஸ்திரேலியா பூராவும் படிக்கிற இடத்தில், பொய்க்காரி என்று எழுதிவிட்டான்.

விஷயம் ஒரு பழைய செலரான் பிராசசர், அதாவது கம்ப்யூட்டரின் மூளையான சில்லு. கிளெனிஸும் அவள் கணவன் பாரெண்டும் பால்பண்ணை வைத்திருந்த காலத்தில், பால் கறக்கும் கொட்டகையில் ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. எந்த மாடு எவ்வளவு கறந்தது, எது சினை, எது வறடு என்று அதில்தான் ஏற்றுவார்கள். ஈரமும் சாணி நெடியும் பட்டு அது மாதம் ஒருமுறை படுத்துக்கொள்ளும். ரிப்பேர்காரன் மெல்போர்னிலிருந்து வர வேண்டும். அவனைக் கெஞ்சிச் சலித்து, ஒரு நாள் கிளெனிஸே ஸ்குரூடிரைவரை எடுத்தாள். அன்றிலிருந்து கம்ப்யூட்டர் அவள் கையில் ஒழுங்காக நடந்தது. பிறகு பால் விலை விழுந்தது. மாடுகளை விற்றார்கள். மாடுகள் லாரி ஏறிய அன்று பாரெண்ட் அழுதான். கிளெனிஸ் கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள்.

அதன்பின் அவள் சினை ஊசி போடும் வேலைக்குப் போனாள். இன்றுவரை அதுதான் தொழில். பிக்கப் வண்டியின் பின்னால் திரவ நைட்ரஜன் குடுவை ஒன்று எப்போதும் நிற்கும். உலகத்திலுள்ள நல்ல காளைகளின் உறைவிந்துக் குச்சிகள் எல்லாம் அதற்குள் புகைந்துகொண்டு கிடக்கும். ஒரு மழைநாளில் இணையத்தில் எதையோ தேடப் போனவள், சில பைத்தியக்காரர்கள் பழைய பிராசசர் சூடேறாமல் இருக்க அதன் தலையில் திரவ நைட்ரஜனை ஊற்றி, அதை இரண்டு மடங்கு வேகத்தில் ஓட்டிப் பட்டியல் போட்டுப் போட்டியிடுவதைப் பார்த்தாள்.

"பாரெண்ட், இங்க வா! இவனுங்க இந்த நைட்ரஜனுக்காக நாய் மாதிரி அலையுறானுங்க. நம்ம வண்டியில சும்மா கெடக்குது!" என்று கூவினாள்.

"அது காளைக்கு வச்சிருக்கறது" என்றான் பாரெண்ட்.

"தெரியும். எனக்குன்னு தனியா ஒரு குடுவை வாங்கிக்கறேன்."

வாங்கினாள். கொட்டகைக் கம்ப்யூட்டரைப் பிரித்து பிராசசரை எடுத்தாள். மூவாயிரம் மெகாஹெர்ட்ஸில் ஓடுவதற்குச் செய்த சில்லு அது. ஒரே அச்சில் வார்த்த சில்லுகளிலும் நல்லது கெட்டது உண்டு. ஆயிரத்தில் ஒன்று சூரப்புலியாக அமையும். இத்தனை வருடம் சாணி நெடியில் மாடு எண்ணிக்கொண்டிருந்தது அப்படிப்பட்ட சூரப்புலி. அவளுடைய இயந்திரக் கொட்டகையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அது 6969-ஐத் தொட்டது. படம் பிடித்துப் பட்டியலுக்கு அனுப்பினாள்.

அந்தச் சில்லு வகையில் நாட்டிலேயே முதலிடத்தில் இருந்தவன் சோரான். அவன் எண் 6923. தாமஸ்டவுனில் தரைக்கு டைல்ஸ் பதிக்கிறவன். அனுப்பிய எண்களைச் சரிபார்க்கும் மூன்று பேரில் அவனும் ஒருவன். கிளெனிஸின் எண்ணின் மேல் சிவப்புக் கோடு கிழித்து, கீழே எழுதினான்: "படம் ஒட்டுவேலை. மாட்டுக்கொட்டகையில் இந்த எண் வராது." கிளெனிஸ் அதைப் படித்துவிட்டு வெளியே போய் ஒரு வண்டி விறகை வெட்டினாள். பாரெண்ட் பக்கத்தில் போகவில்லை.

கோபத்தோடு விட்டிருந்தால் அவள் கிளெனிஸ் இல்லை. இந்தப் பட்டியலைப் போடும் சங்கத்தை நடத்துகிற டிரான் லோக்குக்குப் போன் போட்டாள். லோக் ஸ்பிரிங்வேலில் கம்ப்யூட்டர் கடை வைத்திருப்பவன்.

"லோக், குளிர்காலக் கூட்டத்த இந்த வருஷம் எங்க ஊருல வை. ஃபுட்டி கிளப் கூடம் காலியா இருக்கு. சாசேஜ் சுடறது என் பொறுப்பு."

"அவ்வளவு தூரம் எவன் வருவான் கிளெனிஸ்?"

"சோரான் வருவான். வரலைன்னா பயந்துட்டான்னு நான் எழுதுவேன்."

சோரான் வந்தான்.

அந்தச் சனிக்கிழமை காலையில், ஊர் அணி ஃபுட்டி என்கிற கால்பந்து ஆடும் மைதானம் முழுக்க உறைபனி. நைட்ரஜன் ஊற்றுகிற இடத்தில் ஜன்னல் திறந்திருக்க வேண்டும் என்பது சங்கத்தின் சட்டம். அதனால் கூடத்துக்குள்ளும் எல்லோரும் கம்பளிக் குல்லாயும் கோட்டுமாக, வாயில் ஆவி பறக்க உட்கார்ந்திருந்தார்கள். கிளெனிஸ் நடு மேசையைப் பிடித்தாள். எதிர் மேசையில் சோரான். ஆறடி ஆள், சிமென்ட் தின்று வெடித்த கைகள்.

"என்ன கிளெனிஸ், இன்னைக்கு போட்டோ ஒட்டறதுக்குப் பசை கொண்டாந்தியா?"

"கொண்டாந்தேன் மேட். உன் வாயில ஒட்டத்தான்."

கூடம் சிரித்தது. சிரிக்காத ஒரே ஆள் பாரெண்ட். இன்றைக்கு எண் வராவிட்டால் சிவப்புக் கோடு நிலைத்துவிடும், தன் வீட்டில் விறகு மிஞ்சாது என்று அவனுக்குத் தெரியும்.

கிளெனிஸின் மேசையில் இருந்தது கறுப்பு நிற மதர்போர்டு. இந்தச் சில்லுக்கு எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு வாங்கும் பெயர்பெற்ற ரகம். 6969 வந்ததும் அதில்தான். நைட்ரஜன் ஊற்றும்போது போர்டில் பனி படிந்து நீராகி மின்சாரத்தைக் குழப்பிவிடும். அதைத் தடுக்க இவர்கள் எல்லோரும் போர்டு முழுக்க வாஸலின் பூசுவார்கள். கிளெனிஸ் மட்டும் வாஸலின் வாங்கியதே கிடையாது. மாட்டு மடிக்குத் தடவ, தொழிலுக்கென்று வாங்கும் களிம்பு டப்பா டப்பாவாக வீட்டில் கிடக்கும்போது எதற்கு வாங்க வேண்டும்? எண்ணெயில் செய்த அந்த மஞ்சள் களிம்பு வருடக்கணக்காக அவள் போர்டுகளைக் காப்பாற்றி வந்திருக்கிறது. முந்தின நாளும் அதே டப்பாவைத் திறந்து அள்ளிப் பூசியிருந்தாள்.

டப்பா அதே மாதிரிதான், ஆனால் அதே களிம்பு இல்லை; உறைகுளிரில் அதன் வாசனையும் எழவில்லை.

சுவிட்சைப் போட்டாள். படக்கென்று ஒரு சத்தம். பிராசசர் பக்கத்திலிருந்து நீலப் புகை ஒரு சுருள் எழுந்தது. கருகல் நாற்றத்தோடு, யாரும் எதிர்பார்க்காத இன்னொரு வாசனையும் கூடம் முழுக்கப் பரவியது.

"என்னது இது, மிட்டாய் வாசனை வருது?" என்றான் லோக்.

கிளெனிஸ் விரலால் போர்டைத் தொட்டு மோந்து பார்த்தாள். புதினா.

"பாரெண்ட்! புதுக் களிம்பு வாங்குனியா?"

பாரெண்டின் முகத்தில் ஈயாடவில்லை. "கடையில புதுசா வந்திருக்குன்னான். மடியில ஒட்டாதாம், தண்ணியில கழுவுனா போயிடுமாம்…"

"தண்ணியில கழுவுனா போகும்னா தண்ணியில செஞ்சதுன்னு அர்த்தம்யா! நான் போர்டுக்குத் தண்ணி தடவிக் கரண்ட் குடுத்திருக்கேன்!"

சோரான் சிரித்த சிரிப்பில் தேநீர்க் கோப்பை குலுங்கிற்று. "மாட்டு மடின்னு நெனச்சிட்டியா கிளெனிஸ்? கறந்து பாரு, ஒருவேளை ஏழாயிரம் லிட்டர் வரும்!"

அவள் பிராசசரை வெளியே எடுத்து, ஸ்பிரிட்டில் நனைத்த துணியால் துடைத்து, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். போர்டு போனால் இன்னொரு போர்டு. இந்தச் சில்லு போனால் உலகத்தில் இன்னொன்று கிடையாது. கறுப்புத் தடம் ஏதும் கண்ணில் படவில்லை. உயிர் இருக்கிறதா என்பது வேறொரு போர்டில் வைத்தால்தான் தெரியும்.

சங்கக் கூட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. சுவரோரம் ஒரு மேசையில் ஆளாளுக்கு வேண்டாத பாகங்களைக் கொண்டுவந்து குவிப்பார்கள். எது வேண்டுமோ எடுக்கலாம்; எடுத்தால் எதையாவது வைத்துவிட்டுப் போக வேண்டும். கிளெனிஸ் நேரே அங்கே போனாள். செத்துப்போன கறுப்புப் போர்டை வைத்தாள். மூக்குக் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிக்கொண்டு குவியலைக் கிளற ஆரம்பித்தாள்.

இந்தச் சில்லின் பெருக்கு எண் இருபத்து மூன்று. ஆலையிலேயே பூட்டி அனுப்பியது. போர்டு ஒரு தாளம் கொடுக்கும், சில்லு அதை இருபத்து மூன்றால் பெருக்கிக்கொண்டு ஓடும். தாளம் முந்நூறைத் தாண்டிப் போக வேண்டும், கூடவே வோல்டேஜும் அதற்கேற்ப ஏற வேண்டும். ஆகவே எல்லாம் போர்டின் கையில் இருந்தது.

லோக் அக்கறையோடு பக்கத்தில் வந்து, பளபளவென்று தங்க நிறத் தகடு பதித்த ஒன்றைக் காட்டினான். "இத எடு. அந்தக் காலத்துல ராஜா மாதிரி இருந்துச்சு."

"ராஜாவோட கெப்பாசிட்டரப் பாரு, தலை உப்பியிருக்கு. கரண்ட் கொஞ்சம் ஏறுனா வெடிக்கும்."

அடுத்ததில் பிராசசரைச் சுற்றி இடமே இல்லை. நைட்ரஜன் ஊற்றும் செம்புக் குவளை உட்காராது. அதற்கடுத்தது கையில் அப்பளம் மாதிரி வளைந்தது. அடியில் கிடந்தது ஒரு பழுப்பு நிறப் போர்டு. யாரோ சித்தப்பா வீட்டில் வரவு செலவு பார்க்க வாங்கிய ரகம். கிளெனிஸ் அதன் மேலிருந்த தூசியை ஊதினாள். கெப்பாசிட்டர் தலைகள் தட்டையாக இருந்தன. சினை ஊசிப் பெட்டியிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்து வந்து, மூலையில் தாளம் போடும் சிறு சில்லின் பெயரைப் படித்தாள். அவளிடமிருந்த மென்பொருளுக்குத் தெரிந்த சில்லுதான். பிறகு வோல்டேஜைக் கட்டுப்படுத்தும் சில்லைப் பார்த்தாள். கறுப்புப் போர்டில் இருந்த அதே சில்லு.

"இது போதும்" என்றாள்.

சோரான் எட்டிப் பார்த்தான். "அடப்பாவமே, அதோட பயாஸ் செட்டிங்ல வோல்டேஜ் ஏத்தவே விடாதே."

"விடாதுதான். மாடு வாங்கறப்ப நீ தோல் பளபளப்பப் பார்ப்ப, நான் காலையும் மடியையும் பார்ப்பேன். வோல்டேஜ நான் வேற வழியில ஏத்திக்கறேன்."

ஃபுட்டி அணியின் மருந்துப் பையில் அசல் வாஸலின் ஒரு பெரிய டப்பா இருந்தது. மூடியைத் திறந்து, மோந்து, நாக்கு நுனியில்கூடத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் பூசினாள். ஸ்கோர் எழுதும் பலகையில் தொங்கிய பென்சிலைக் கழற்றி வந்தாள். நன்றாகக் கறுப்பாக எழுதும் மென்மையான பென்சில். வோல்டேஜ் சில்லின் பக்கத்தில் அரிசியில் பாதியளவு இருந்த மின்தடையின் மேல் நாலு கோடு இழுத்தாள். பென்சில் கரி வழியாகக் கொஞ்சம் மின்சாரம் கசியும். கட்டுப்படுத்தும் சில்லு ஏமாந்து, குறைகிறது என்று நினைத்து அதிகமாக அனுப்பும். அதிகமாகத் தேய்த்தால் பிராசசர் கருகிவிடும். தேய்த்தாள், மீட்டரில் பார்த்தாள், விரலால் கொஞ்சம் அழித்தாள், மறுபடி தேய்த்தாள். ஆட்கள் சாசேஜும் ரொட்டியுமாக அவள் மேசையைச் சுற்றி வந்து நின்றார்கள்.

பிராசசரைப் பொருத்தினாள். சுவிட்சைப் போட்டாள். பாரெண்ட் கண்ணை மூடிக்கொண்டான்.

திரையில் எழுத்து வந்தது.

"உயிரோட இருக்குடா!" என்று கத்தினாள் கிளெனிஸ். அத்தனை பேர் முன்னால் அவள் கண் கலங்கியது. அதை மறைக்கவும் இல்லை.

செம்புக் குவளையில் நைட்ரஜனை ஊற்றினாள். வெள்ளைப் புகை மேசையிலிருந்து தரைக்கு வழிந்தது. முந்நூறுக்குத் தாளத்தை ஏற்றினாள்; 6900. இயந்திரம் நின்றுபோயிற்று. வோல்டேஜ் போதவில்லை. பென்சிலால் இன்னும் ஒரு கோடு. மறுபடி முதலிலிருந்து. இப்போது 6946 வந்தது. சோரானின் எண் விழுந்தது. யாரோ கைதட்டினார்கள். "கை தட்டாதீங்க, இன்னும் என் எண்ணே வரல!" என்று அவள் அதட்டினாள். தொட்டால் போதாது, சின்ன மென்பொருள் ஒன்று அந்த வேகத்தைப் பிடித்துச் சேமிக்கும்வரை இயந்திரம் தாக்குப்பிடிக்க வேண்டும். 6969-இல் சேமிக்கப் போகும்போது திரை உறைந்தது. மறுபடி முதலிலிருந்து.

குடுவையைச் சாய்த்தாள். ஒரு வாய் புகைதான் வந்தது. தீர்ந்துவிட்டது. இரண்டாவது போர்டை வழிக்குக் கொண்டுவருவதிலேயே முழுக் குடுவையும் போய்விட்டது.

"வண்டியில இன்னொரு குடுவை நிக்குதே" என்றான் லோக், வாசல் பக்கம் பார்த்து.

"அது காளைங்களோடது" என்றாள் கிளெனிஸ். "ஒரு செம்பு எடுத்தாலும் மட்டம் இறங்கும். இந்த ஊர்ல முக்கால்வாசிப் பேரோட அடுத்த வருஷக் கன்னுக்குட்டி அதுக்குள்ள கெடக்குது. அதத் தொடறதுக்கு நான் தோத்துட்டுப் போறேன்."

செம்புக் குவளையின் சூடு மெல்ல ஏறிக்கொண்டிருந்தது. இன்னும் சற்று நேரத்தில் எல்லாம் முடிந்துவிடும். அவள் சுற்றிலும் பார்த்தாள். சோரானின் மேசையில் அவனுடைய குடுவை, திறக்காமல், நிறைய இருந்தது. மத்தியானம் அவன் தன் எண்ணை ஏற்றிக்கொள்ள வைத்திருந்தது.

"சோரான்."

"என்ன?"

"என்னப் பொய்க்காரின்னு எழுதுன கை எது, வலதா இடதா?"

சோரான் தன் வலது கையைக் குனிந்து பார்த்தான்.

"அந்தக் கையால ஊத்து. வேற யார் ஊத்துனாலும் நாளைக்கு நீ வேற கதை சொல்லுவ. நீயே ஊத்து, நீயே பாரு. வரலைன்னா உன் காலடியில உக்காந்து, ஆமா ஒட்டுவேலதான்னு நானே எழுதறேன்."

கூடம் அவனையே பார்த்தது. அவன் குடுவையைப் பார்த்தான், பட்டியலில் தன் பெயரை நினைத்திருப்பான், பழுப்புப் போர்டைப் பார்த்தான். பிறகு ஒரு கெட்ட வார்த்தை சொல்லிவிட்டுக் குடுவையைத் தூக்கிக்கொண்டு வந்தான்.

"எவ்வளவு வேணும்?"

"நிறுத்துன்னு சொல்றவரைக்கும். சிந்தாத, டைல்ஸ்ல சிமென்ட் ஊத்தற மாதிரி ஊத்து."

"எனக்கு டைல்ஸ் சொல்லித் தர்றியா நீ?" என்றான், ஆனால் சிந்தாமல் நூல் பிடித்தாற்போல ஊற்றினான். நல்ல கைதான், அதைக் கிளெனிஸும் ஒப்புக்கொண்டாள். குவளையின் விளிம்பு வெளுத்தது. அவள் தாளத்தை ஏற்றினாள். முந்நூற்று மூன்று. முந்நூற்று நாலு. இயந்திரம் ஓடிக்கொண்டே இருந்தது. சோரான் இப்போது எதிராளியாக நிற்கவில்லை, சில்லைப் பார்க்கும் சில்லுப் பைத்தியமாக நின்றான்.

"ஏத்து, ஏத்து, இன்னும் தாங்கும்" என்று அவனே கிசுகிசுத்தான்.

"தெரியும், வாய மூடிக்கிட்டு ஊத்து."

முந்நூற்று ஆறு. சேமிக்கும் பொத்தானை அழுத்தினாள். திரையில் கம்பி நகர்ந்தது, தயங்கியது, முடிந்தது. அடுத்த நொடியே திரை உறைந்துபோயிற்று. உறைந்தால் என்ன? சேமித்தாகிவிட்டது.

7038.

ஃபுட்டி அணி கடைசியாகக் கோப்பை வாங்கிய வருடத்தில்கூட அந்தக் கூடத்தில் அப்படிச் சத்தம் எழுந்திருக்காது. குல்லாய்கள் பறந்தன. வெளியே சாசேஜ் கருகக் கருக, சுட்டுக்கொண்டிருந்தவன் உள்ளே ஓடி வந்தான். பாரெண்ட் கிளெனிஸை இடுப்போடு தூக்கிச் சுற்றப் பார்த்து, முடியாமல், இருவருமாக நாற்காலியில் விழுந்தார்கள். சோரான் குடுவையைக் கீழே வைத்துவிட்டு, இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டு, "சித்தப்பா வீட்டுப் போர்டுல… சித்தப்பா வீட்டுப் போர்டுல…" என்று சொல்லிக்கொண்டிருந்தான்.

லோக் மடிக்கணினியைத் திறந்தான். "ஏழாயிரத்து முப்பத்தெட்டு, கிளெனிஸ் ட்ரெகியர், முதலிடம். ஏத்தட்டுமா?"

"இரு" என்றாள் கிளெனிஸ். நாற்காலியிலிருந்து எழுந்து, சட்டையை இழுத்து விட்டுக்கொண்டாள். "புதுசு காத்திருக்கட்டும். முதல்ல பழசு."

லோக்குக்குப் புரியவில்லை. சோரானுக்குப் புரிந்தது. அவன் மடிக்கணினியைத் தன் பக்கம் திருப்பினான். தன் பெயரில் உள்ளே போனான். வெடித்த கட்டைவிரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினான். கிளெனிஸ் அவன் தோளுக்கு மேல் கண்கொத்திப் பாம்பாகப் பார்த்துக்கொண்டு நின்றாள். 6969-இன் மேலிருந்த சிவப்புக் கோடு மறைந்தது. கீழே ஒரு வரி வந்தது: "நான் சொன்னது தவறு. இந்த எண் உண்மை. நானே கண்ணால் பார்த்தேன், நானே ஊற்றினேன். சோரான்."

"ஊத்துனதையும் போட்டுட்டியா?" என்றாள் கிளெனிஸ்.

"பின்ன? ஏழாயிரத்துல என் நைட்ரஜனும் இருக்குல்ல."

கிளெனிஸ் சிரித்தாள். கூட்டத்தில் அன்று முதல் தடவையாகச் சண்டையில்லாத சிரிப்பு. "இப்ப என் புது எண்ண ஏத்து, லோக்" என்றாள்.

சோரான் போகாமல் நின்றான். கையைக் கோட்டுப் பைக்குள் விட்டு, எடுத்து, மறுபடி விட்டான்.

"அந்தப் புதினாக் களிம்பு… இன்னும் இருக்கா?"

"எதுக்கு? உன் போர்டையும் கொளுத்தவா?"

அவன் இரண்டு உள்ளங்கையையும் விரித்துக் காட்டினான். சிமென்ட் தின்ற வெடிப்புகளில் ரத்தம் கட்டியிருந்தது. "ராத்திரியில எரியுது கிளெனிஸ். கடையில விக்கிற எதுக்கும் கேக்கல."

கிளெனிஸ் பையிலிருந்து டப்பாவை எடுத்து அவன் மார்பில் எறிந்தாள். "படுக்கறதுக்கு முன்னாடி தடவு. மாட்டுக்கு ரெண்டு நாள்ல ஆறும். உன் தோலுக்கு ஒரு வாரம் ஆகும்."